அஞ்சறைப் பெட்டியும் சாமான் அறையும்: குழந்தையின் ரத்தத்தில் தாதுக்கள் எப்படி இயங்குகின்றன?

குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்தால் லேபிலிருந்து ஒரு தாள் வருகிறது. இடது பக்கம் பெயர்கள்: கால்சியம், பாஸ்பரஸ், மெக்னீசியம், இரும்பு, துத்தநாகம், தாமிரம். நடுவில் எண்கள். வலது ஓரத்தில் ‘இயல்பு அளவு’ என்று இரண்டு எண்கள். நம் பிள்ளையின் எண் அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் நிம்மதி. கொஞ்சம் வெளியே போய்விட்டால் அன்றைக்குத் தூக்கம் போய்விடும். அந்தத் தாளைப் படிக்க மருத்துவப் படிப்பு வேண்டாம். ரத்தம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

அதற்கு முதலில் சமையலறைக்குள் வாருங்கள்.

அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் என்று கைக்கு எட்டும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சம். மொத்தச் சரக்கு உள்ளே சாமான் அறையில், பெரிய டப்பாக்களில் இருக்கிறது. பெட்டியில் கடுகு குறைந்தால் டப்பாவிலிருந்து எடுத்து நிரப்பிவிடுவார்கள். வாசலில் மளிகை வந்து இறங்குகிறது. வேண்டாதது பின்கட்டு வழியாக வெளியே போகிறது.

இந்தச் சமையலறையில் ரத்தம்தான் அஞ்சறைப் பெட்டி. எலும்பும் கல்லீரலும் தசையும் சாமான் அறை. குடல் வாசல், சிறுநீரகம் பின்கட்டு. பதினெட்டுக் கிலோ எடையுள்ள ஐந்து வயதுக் குழந்தையின் உடம்பில் ஏறக்குறைய 1.4 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. லேபில் அளப்பது இந்தப் பெட்டியை மட்டும்தான். ஆகவே தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தத் தாதுவைப் பொறுத்தவரை, பெட்டியைப் பார்த்தால் சாமான் அறையின் நிலவரம் தெரியுமா? சிலவற்றுக்குத் தெரியும். பலவற்றுக்குத் தெரியாது.

ஊசி போடும் இடத்திலிருந்து தொடங்குவோம். முதலில் ரத்தத்தைக் குழாயில் எடுக்கிறார்கள். பிறகு அரை மணி நேரம் போல உறைய விடுகிறார்கள். அதன்பின் வேகமாகச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்தால், சிவப்பணுக்கள் அடியில் தங்க, மேலே இளமஞ்சள் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். இதுதான் சீரம். பெரும்பாலான தாதுக்களை இதில்தான் அளக்கிறார்கள். கால்சியத்துக்கு ஒரு சாயத்தைச் சேர்த்தால் போதும். எவ்வளவு நிறம் மாறுகிறதோ அவ்வளவு கால்சியம். துத்தநாகம், தாமிரம், செலினியம் போல மிகக் கொஞ்சமாக இருப்பவற்றுக்கு வேறு கருவி வேண்டும். 1950களில் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் உருவாக்கிய முறையில், மாதிரியைச் சூட்டில் ஆவியாக்கி அதன் வழியே ஒளியைச் செலுத்துவார்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளியை மட்டும் விழுங்கும். எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்த்தால் எவ்வளவு தாது இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அளவுகளையும் பார்த்துவிடுவோம். தாளில் ‘டெசிலிட்டர்’ என்று இருப்பது 100 மில்லி, ஒரு சிறிய டம்ளர் அளவு. மில்லிகிராம் என்பது ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. கால்சியம் மில்லிகிராமில் வரும், துத்தநாகம் மைக்ரோகிராமில் வரும். இவ்வளவு நுணுக்கமான அளவு என்பதால், எடுக்கும் விதத்திலேயே எண் மாறிவிடும். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் மாதிரியில் கலந்துவிடலாம். அதனால் நுண்தாதுக்களுக்கென்று தனியாகச் சுத்தம் செய்த, கருநீல மூடி போட்ட குழாய் இருக்கிறது. குழந்தை திமிறி அழும்போது விரலைப் பிழிந்து பிழிந்து எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் அணுக்களுக்குள் இருப்பது. அணு உடைந்தால் அது சீரத்தில் கொட்டி, பொட்டாசியம் அபாய அளவில் இருப்பதாகத் தாள் சொல்லும். குழந்தையோ நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும். தாளின் அடியில் ‘ஹீமோலைஸ்டு’ என்று எழுதியிருந்தால் பதறாமல் மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது பெட்டியைத் திறப்போம். முதல் கிண்ணம் கால்சியம்.

ஆரோக்கியமான குழந்தையின் சீரத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 9 முதல் 10.5 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். எல்லாக் கிண்ணங்களிலும் உடம்பு இதைத்தான் மிகக் கறாராகப் பார்த்துக்கொள்கிறது. காரணம், இதயம் துடிப்பதற்கும் தசை சுருங்குவதற்கும் நரம்பு செய்தி அனுப்புவதற்கும் இந்தக் கால்சியம் வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் விரல்கள் இழுத்துக்கொள்ளும், குழந்தைக்கு வலிப்பு வரலாம். ஆகவே கழுத்தில், தைராய்டு சுரப்பியின் பின்புறம், பருப்பு அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் காவல் இருக்கின்றன. இவைதான் அந்த வீட்டின் பாட்டி. நிமிடத்துக்கு நிமிடம் பெட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கிண்ணம் லேசாகக் குறைந்தால் என்ன நடக்கிறது? முதலில் பாராதைராய்டு ஹார்மோன் சுரக்கிறது. அது சாமான் அறைக்குப் போய், அதாவது எலும்புக்குப் போய், கொஞ்சம் கால்சியத்தை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறது. அதே நேரம் பின்கட்டுக்குப் போய், சிறுநீரில் வீணாகும் கால்சியத்தைத் திருப்பி எடுக்கச் சொல்கிறது. பிறகு அதே சிறுநீரகத்தில் வைட்டமின் டியை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்ற வைக்கிறது. அந்த வைட்டமின் டி வாசலுக்குப் போய், சாப்பாட்டில் வரும் கால்சியத்தை இன்னும் கூடுதலாக உள்ளே இழுக்கச் சொல்கிறது. கிண்ணம் நிரம்பியதும் ஹார்மோன் அடங்கிவிடுகிறது.

இதில்தான் சிக்கல். உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. பிறக்கும்போது சுமார் 30 கிராம். வளர்ந்து பெரியவராகும்போது சுமார் ஒரு கிலோ. இந்த ஒரு கிலோவைச் சேர்த்து முடிக்கவேண்டிய வயதுதான் குழந்தைப் பருவமும் இளம்பருவமும். வெயில் படாமல், பாலும் கேழ்வரகும் கீரையும் கிடைக்காமல் வளரும் குழந்தையின் சாமான் அறை காலியாகிக்கொண்டே போகும். பாட்டியோ அங்கிருந்து சுரண்டிச் சுரண்டி அஞ்சறைப் பெட்டியை நிரப்பி வைத்திருப்பார். அதனால் கால் வளைந்து, ரிக்கெட்ஸ் வந்த குழந்தைக்குக்கூடத் தாளில் கால்சியம் ‘இயல்பு’ என்று வரலாம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘கால்சியம் நார்மல், எலும்பு நன்றாக இருக்கிறது’ என்று தாளைப் பார்த்து முடிவு கட்டும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அந்த எண் சொல்வது, பெட்டியை நிரப்பும் ஏற்பாடு வேலை செய்கிறது என்பதை மட்டும்தான்.

எலும்பைப் பற்றித் தெரிய வேண்டுமானால் பக்கத்துக் கிண்ணத்தையும் பார்க்க வேண்டும். அது பாஸ்பரஸ். எலும்பு கட்ட கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்துதான் வேண்டும். பெரியவர்களுக்கு இது 2.5 முதல் 4.5 மில்லிகிராம். ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்கு 6 இருந்தாலும் அது சரியான அளவுதான். வளரும் எலும்பு கேட்கிறது, உடம்பு கொடுக்கிறது. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் அப்படியே, எலும்பு கட்டும் வேலை நடக்கும் வீட்டில் அது கூடுதலாகவே இருக்கும். பெரியவர்களின் இயல்பு அளவை அச்சடித்த தாளில் குழந்தையின் எண்ணைப் போட்டால், ஒழுங்காக வளரும் பிள்ளைக்கெல்லாம் ‘அதிகம்’ என்று குறி விழும். ஆகவே தாளில் எந்த வயதுக்கான அளவைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மாறாக, பாஸ்பரஸ் குறைந்தும் அந்த நொதி மிகவும் ஏறியும் பாராதைராய்டு ஹார்மோன் உயர்ந்தும் இருந்தால், கால்சியம் எண் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சாமான் அறையில் கைவைத்தாகிவிட்டது என்று பொருள்.

மெக்னீசியம் பற்றி ஒரு வரி போதும்: அதில் சுமார் ஒரு சதவீதம்தான் ரத்தத்தில் இருக்கிறது. கால்சியத்தின் கதைதான் அதற்கும்.

அடுத்து இரும்பு. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இரும்பு உடம்பில் மூன்று இடங்களில் இருக்கிறது. பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள், ஹீமோகுளோபினில் கோக்கப்பட்டு ஆக்ஸிஜனைச் சுமக்கிறது. இது இலையில் பரிமாறிய சாப்பாடு. கொஞ்சம் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் மேல் ஏறிப் பயணம் செய்கிறது. இது அஞ்சறைப் பெட்டி. மிச்சம் ஃபெரிட்டின் என்ற புரதப் பெட்டகத்துக்குள், கல்லீரலிலும் மண்ணீரலிலும் இருக்கிறது. இது சாமான் அறை. அந்த ஃபெரிட்டினில் ஒரு துளி ரத்தத்திலும் கசிந்து வருவதால் அதை அளக்க முடிகிறது.

தாளில் ‘சீரம் இரும்பு’ என்று வருவது நடுவில் உள்ள பெட்டி மட்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஹீமோகுளோபினில் கோத்திருப்பது ஏறக்குறைய 550 மில்லிகிராம் இரும்பு. சீரம் முழுவதிலும் பயணம் செய்துகொண்டிருப்பதோ ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய கிண்ணம் என்பதால் அது நாள் முழுவதும் ஏறி இறங்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரும்பு டானிக் குடித்துவிட்டுப் போனால் இன்னொன்று. ஆகவே சீரம் இரும்பை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

பற்றாக்குறை வரும்போது எது முதலில் குறைகிறது? முதலில் சாமான் அறை காலியாகும், ஃபெரிட்டின் இறங்கும். பிறகு பெட்டி காலியாகும். டிரான்ஸ்ஃபெரின் பாதி வெறுமையாகச் சுற்றும். கடைசியில்தான் இலையில் சாப்பாடு குறையும். ஹீமோகுளோபின் இறங்கி, ரத்தசோகை என்று பெயர் வரும். ஹீமோகுளோபினை மட்டும் பார்க்கும் இடத்தில் நாம் கடைசிப் படியில் நின்று பார்க்கிறோம். அதற்கு முன்பே குழந்தையின் மூளைக்கும் தசைக்கும் இரும்பு தட்டுப்பாடாகியிருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஃபெரிட்டின் ஒரு லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் சாமான் அறை காலி என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால் இதிலும் ஒரு திருப்பம். வீட்டுக்குள் திருடன் புகுந்தால் சாமான் அறையைப் பூட்டுவார்கள் அல்லவா? காய்ச்சல் வந்தால் உடம்பு அதையே செய்கிறது. கிருமிகள் பெருகுவதற்கும் இரும்பு வேண்டும். ஆகவே கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. இந்த ஹார்மோன் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது குடலின் வாசலையும் சாமான் அறைக் கதவையும் ஒருசேரச் சாத்துகிறது. உடனே சீரம் இரும்பு சரசரவென்று இறங்கும், ஃபெரிட்டின் ஏறும். துத்தநாகமும் ரத்தத்தை விட்டுக் கல்லீரலுக்குள் ஒதுங்கும். தாமிரமோ எதிர்த்திசையில் ஏறும். அதைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தைக் கல்லீரல் காய்ச்சல் நேரத்தில் கூடுதலாகச் செய்கிறது. அந்த வாரத்தில் ரத்தம் எடுத்தால் நான்கு எண்களும் தவறான கதை சொல்லும். அதனால்தான் தொற்று உள்ள சின்னக் குழந்தைகளுக்கு ஃபெரிட்டினின் எல்லையை 12லிருந்து 30க்கு உயர்த்திப் பார்க்கச் சொல்கிறார்கள். சளி காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையை ‘இரும்புச் சத்து எவ்வளவு இருக்கிறது, பார்த்துவிடலாம்’ என்று லேபுக்குக் கூட்டிப்போவதில் பயனில்லை. தேறி ஓரிரு வாரங்கள் போகட்டும்.

துத்தநாகத்துக்கு வருவோம். இது மனிதருக்கு அவசியம் என்று உலகம் தெரிந்துகொண்டதே அண்மையில்தான். பீகாரில் பிறந்து அமெரிக்காவில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஆனந்த பிரசாத் 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகருக்குப் போனார். அங்கே இருபத்தோரு வயது இளைஞன் ஒருவன், பார்த்தால் பத்து வயதுப் பையன் போல, வளர்ச்சி நின்று வந்தான். அவன் சாப்பாடு பெரும்பாலும் ரொட்டி, கூடவே மண் தின்னும் பழக்கம். அதே மாதிரி இன்னும் பலர் இருந்தார்கள். இரும்புக் குறைவு மட்டும் வளர்ச்சியை இப்படி நிறுத்தாது என்று பிரசாத் சந்தேகப்பட்டார். பிறகு எகிப்தில் இதேபோன்ற பையன்களைச் சோதித்தபோது அவர்களின் ரத்தத்தில் துத்தநாகம் குறைவாக இருந்தது. துத்தநாகம் கொடுத்ததும் வளர்ந்தார்கள். 1961, 1963-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய கட்டுரைகள்தான் இந்தத் தாதுவைக் குழந்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தன.

ரொட்டியில் என்ன குறை? அதில் துத்தநாகம் இருந்தது. ஆனால் தானியத்தின் தவிட்டில் ஃபைட்டேட் என்ற பொருள் உண்டு. அது துத்தநாகத்தையும் இரும்பையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். மளிகை வாசல் வரை வந்தும் மூட்டை அவிழாமல் திரும்பிப் போன கதை இது. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் மூன்றும் ஃபைட்டேட்டை உடைக்கின்றன. இரவு முழுவதும் பொங்கிப் புளித்த இட்லி மாவில் நடப்பது இதுதான். முளைகட்டிய பயறும் கேழ்வரகும் குழந்தைக்கு ஏன் நல்லவை என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம். இரும்புக்கு இன்னொரு உதவி உண்டு. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடுதலாக உள்ளே போகும். சாப்பாட்டோடு தேநீர் கொடுத்தால் குறையும். குழந்தைக்குச் சாப்பாட்டு நேரத்தில் டீ கொடுக்கும் பழக்கத்தை நிறுத்துவது, எந்த டானிக்கையும்விடச் செலவில்லாத வைத்தியம்.

துத்தநாகத்தைப் பொறுத்தவரை பெட்டியைப் பார்த்து அறையை அறிவது கடினம். உடம்பின் துத்தநாகத்தில் சீரத்தில் இருப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு போல. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காலையில் எடுத்தால் ஒரு டெசிலிட்டருக்கு 65 மைக்ரோகிராமுக்குக் கீழே குறைவு, பிற்பகலில் எடுத்தால் 57க்குக் கீழே குறைவு என்று நேரத்தைப் பொறுத்து எல்லையே மாறுகிறது. ஆகவே ஒரு ஊரின் குழந்தைகள் எல்லாரையும் சேர்த்துப் பார்க்க இந்த எண் உதவும். ஒரே ஒரு பிள்ளையைப் பற்றித் தீர்ப்பு சொல்ல அவ்வளவாக உதவாது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ரத்தத்தைச் சோதிக்காமலேயே உப்புக்கரைசலோடு தினம் 20 மில்லிகிராம் துத்தநாகம், ஆறு மாதத்துக்கு உட்பட்டதற்கு 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

அதற்காக மாதக்கணக்கில் நாமாக வாங்கி ஊட்டக் கூடாது. துத்தநாகம் மிகுந்தால் குடலின் வாசலில் தாமிரத்தை மறித்துவிடும். தாமிரம் குறைந்தால் ரத்தம் உற்பத்தியாவதும் தடைபடும். தாமிரத்தின் எண்ணும் வயதோடு மாறுவது. பிறந்த குழந்தைக்கு ரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும், கல்லீரலிலோ நிறையச் சேமித்து வைத்திருக்கும். சில மாதங்களில் ரத்த அளவு ஏறிவிடும். தாமிரத்தை வெளியேற்ற முடியாத வில்சன் நோயிலும் இதே முரண்தான்: கல்லீரல் தாமிரத்தால் நிரம்பி வழிந்தாலும் ரத்தத்தில் அளந்தால் குறைவாகக் காட்டும். அறை வழிகிறது, பெட்டி காலி.

செலினியம் வேறு மாதிரி. அது மண்ணைப் பொறுத்தது. சீனாவின் வடகிழக்கில் கெஷான் என்ற மாவட்டத்தில் 1935-இல் பெண்களையும் குழந்தைகளையும் தாக்கும் ஓர் இதய நோய் பதிவானது. அந்த வட்டாரத்து மண்ணில் செலினியம் அரிது. அந்த மண்ணில் விளைந்த தானியத்திலும் இல்லை, அதைத் தின்ற குழந்தையின் ரத்தத்திலும் இல்லை. 1970களில், இதே நோய் இருந்த சிச்சுவானில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குச் செலினியம் மாத்திரை கொடுத்தபோது நோய் வெகுவாகக் குறைந்தது. இதில் பெட்டியைப் பார்த்தாலே வயல் வரை தெரிந்துவிடுகிறது. அயோடினுக்கோ ரத்தத்தைத் தொடுவதே இல்லை; பின்கட்டில் போவதைத்தான், அதாவது சிறுநீரைத்தான் அளக்கிறார்கள். 1956-இல் இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய உப்பு ஆய்வுதான் இன்று நம் எல்லார் வீட்டு உப்பிலும் அயோடின் இருப்பதற்கு வழி வகுத்தது.

இனி தாளின் வலது ஓரத்துக்கு வருவோம். அந்த ‘இயல்பு அளவு’ எங்கிருந்து வந்தது?

முதலில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். மருத்துவமனைக்கு வருபவர்கள் உதவமாட்டார்கள்; நோயில்லாதவர்கள் வேண்டும். கனடாவின் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையை மையமாகக் கொண்ட காலிபர் என்ற திட்டத்தில், பள்ளிகளுக்கும் சமூகக் கூடங்களுக்கும் போய் ஆயிரக்கணக்கான ஆரோக்கியமான குழந்தைகளிடம் ரத்தம் பெற்றார்கள். தாமிரம், துத்தநாகம், செலினியத்துக்கும் வயதுவாரியாக அளவு வகுத்தார்கள். ஊசிக்குப் பயப்படும் பிள்ளையை, எந்த நோயும் இல்லாதபோது, மற்றப் பிள்ளைகளுக்காக ரத்தம் கொடுக்கச் சம்மதிக்க வைத்த பெற்றோர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் குறைந்தது 120 பேர் வேண்டும் என்பது வழக்கமான விதி.

பிறகு எல்லா எண்களையும் வரிசைப்படுத்தி, அடியில் இரண்டரை சதவீதத்தையும் உச்சியில் இரண்டரை சதவீதத்தையும் வெட்டிவிட்டு, நடுவில் உள்ள 95 சதவீதத்தை ‘இயல்பு’ என்கிறார்கள். இதன் பொருளை நிதானமாகப் பாருங்கள். வெட்டப்பட்ட அந்த ஐந்து சதவீதமும் ஆரோக்கியமான குழந்தைகள்தான். ஆகவே நல்ல உடம்புள்ள நூறு பிள்ளைகளைச் சோதித்தால் ஐந்து பேருக்கு எண் வெளியே விழும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகளை ஒரே பிள்ளைக்குச் செய்தால், குறைந்தது ஒன்றாவது கோட்டைத் தாண்டுவதற்கு நூற்றுக்கு 64 வாய்ப்பு. ‘முழு உடல் பரிசோதனை’ என்று ஐம்பது அறுபது சோதனைகளைக் கட்டுக் கட்டாக விற்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலை வருவது இதனால்தான். ஆரோக்கியமான குழந்தையை நோயாளியாக்க அதைவிட எளிய வழி இல்லை.

ஹீமோகுளோபினிலேயே இந்தக் கேள்வி பெரிதாக எழுந்திருக்கிறது. இந்தியாவில் 2016 முதல் 2018 வரை தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு நடந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள், இளம்பருவத்தினரின் ரத்தம் முதலியவற்றைச் சோதித்தார்கள். ஒன்று முதல் நான்கு வயது வரை உள்ளவர்களில் 41 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று கண்டார்கள். அந்த வயதில் 19 சதவீதம் பேருக்குத் துத்தநாகம் குறைவு. அதன்பின் ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அதே கணக்கெடுப்பிலிருந்து இரும்பு முதலிய சத்துகள் சரியாக உள்ள, தொற்று இல்லாத ஆரோக்கியமான பிள்ளைகளை மட்டும் பிரித்தெடுத்து, அவர்களுடைய ஹீமோகுளோபின் எங்கே நிற்கிறது என்று பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைவிட ஒன்று முதல் இரண்டு கிராம் கீழே நின்றது. அந்தப் புதிய எல்லையை வைத்தால் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ரத்தசோகை 30 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாகிறது. 2021-இல் வெளியான இந்த ஆய்வு இன்னும் விவாதத்தில் இருக்கிறது. 2024-இல் உலக சுகாதார நிறுவனமும், ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு 11 கிராம் என்றிருந்த எல்லையை 10.5 ஆகக் குறைத்தது. எல்லை மாறியதால் எந்தக் குழந்தையின் ரத்தமும் மாறவில்லை. ஆனால் யாருக்கு மருந்து, யாருக்கு வேண்டாம் என்பது மாறுகிறது.

இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாத ஒரு பொருள் உண்டு: ஈயம். அதற்குப் பெட்டியில் கிண்ணமே இல்லை. உடம்பில் அதற்கு எந்த வேலையும் கிடையாது. ஆனாலும் அது கால்சியம், இரும்பு நுழையும் அதே வாசலில் நுழைகிறது. சாமான் அறையில் இரும்பு காலியான குழந்தையின் குடல், கதவை அகலத் திறந்து வைத்திருக்கும். அந்த வழியே ஈயம் கூடுதலாக உள்ளே வரும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், சின்னக் குழந்தை பாதி வரை உறிஞ்சும். உள்ளே போனது எலும்பில் கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு பல ஆண்டுகள் தங்கும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

அமெரிக்காவில் 1960களில் ஒரு டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை பொறுத்துக்கொண்டார்கள். 1991-இல் அது 10 ஆனது, 2012-இல் 5, 2021-இல் 3.5. இந்த 3.5 பாதுகாப்பான அளவு என்று நினைத்துவிடக் கூடாது. அங்குள்ள ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் மிக அதிக ஈயம் உள்ள இரண்டரை சதவீதம் பேரைப் பிரித்துக் காட்டும் கோடு, அவ்வளவே.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றது. மற்ற வழிகள் இன்னும் இருக்கின்றன: பழைய பெயிண்ட், வீட்டோரத்தில் உடைக்கப்படும் பேட்டரி, மஞ்சள்தூளின் நிறத்துக்காகக் கலக்கும் ஈயக் குரோமேட். வங்கதேசத்தில் 2019-இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் இந்தக் கலப்படம் இருந்தது. அரசு ஆய்வு நடத்தி, அபராதம் விதித்து, மக்களுக்குச் சொன்ன பிறகு, 2021-இல் ஒரு மாதிரியிலும் இல்லை. மஞ்சள் அரைக்கும் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் ஈயம் குறைந்தது.

உங்கள் பிள்ளையின் தாளில் ஈயம் 3.5க்கு மேல் வந்தால், மருத்துவர் முதலில் மருந்து எழுதமாட்டார். ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து வழக்கமாக 45க்கு மேல் போனால்தான். அதற்குக் கீழே இருந்தால் முதல் வேலை, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் தேடுவது: சுவர், பொம்மை, பாத்திரம், மசாலா, அப்பாவின் வேலைச் சட்டை. இரண்டாவது, இரும்பும் கால்சியமும் குறைவில்லாமல் கொடுத்து வாசலில் ஈயத்துக்கு இடமில்லாமல் செய்வது. பிறகு மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளில் மறுபடி ரத்தம் கொடுத்து, எண் இறங்குகிறதா என்று பார்ப்பது. இறங்கவில்லை என்றால் தேடிய இடங்களில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மறுபடியும் தேட வேண்டும்.